காற்று சாத்திய கதவு

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பகல் வேளையில் பூட்டிக் கிடக்கும் லயக் காம்பராவைப் பார்ப்பதே அரிது. கோணக்கலையோ டெமேரியாவோ எல்டெப்போ, எந்தத் தோட்டத்திலும் இதே கதைதான். எல்லாரும் பெரட்டுக்குப் போன பிறகும் எந்த இஸ்தோப்பிலாவது ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழு லயத்துக்கும் அவர்தான் காவல். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். ஒரு தொங்கலில் தட்டு விழுந்தால் மறு தொங்கலில் கேட்கும். பூட்டு பெரும்பாலும் டிரங்குப் பெட்டிக்கு உரிய சாமான். கதவில் அது ஏறுவது திருவிழாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ குடும்பத்தோடு புறப்படும்போதுதான்.

அந்தப் பூட்டும் எளிமையானது. நிலையில் ஒரு கொண்டி, கதவில் ஒரு நாதாங்கி, இரண்டுக்கும் நடுவில் ஆமைப்பூட்டு. சாவி தொலைந்தால் (மலையில் கொழுந்தெடுக்கையில் இடுப்பிலிருந்து நழுவிய சாவியை எந்தச் செடியடியில் போய்த் தேடுவது?) ஆள் அனுப்புவது ஃபெக்டரி பிட்டருக்கு. ரோலரையும் டிரையரையும் கழற்றிப் பூட்டுகிறவருக்கு இது வேலையே இல்லை. அவர் பூட்டைத் தொடவே மாட்டார். மழையில் ஊறிய நிலையைத் தட்டிப் பார்த்து, கொண்டியின் ஆணி பக்கம் ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்புவார். வரவில்லையென்றால் அலவாங்கின் நுனி. கதவு திறந்ததும் அதே கொண்டியைக் கொஞ்சம் நீளமான ஆணியால் அறைந்துவிட்டு, ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போவார். காசு நீட்டினால் கோபம் வரும்.

அவரை நம்பலாமா என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்துக் கதவுகள் எவ்வளவு லேசில் திறக்கும் என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் தன்மேல் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அதுவே அவருடைய பிணை. திறக்கச் சொல்கிறவர் வீட்டுக்காரர்தானா என்று அவரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. விசாரித்தாலும் காட்ட என்ன இருந்தது? 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1972இல் தேசிய அடையாள அட்டை வந்த பிறகும் அது கைக்கு வராமல் பல ஆண்டுகள் அலைந்தவர்கள் ஏராளம். வீட்டுக்கு உறுதியும் கிடையாது. பூட்டு நம்முடையது, கதவு தோட்டத்துடையது. லயத்தில் ஒரு பலகையை மாற்றுவதென்றாலும் துரை ஒப்பீசுக்குப் போய் நிற்க வேண்டும். அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளட்டும்.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். இஸ்தோப்பில் பாட்டி இல்லை. இருந்தாலும் டிவிக்கு முன்னால் இருக்கிறார். லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பத் தொடங்கின. இந்திய உதவியில் முதலில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு 4,000 வீடுகள்; 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தேவையோடு பார்த்தால் இது சொற்பம், இன்னும் லயத்தில் இருப்பவர்களே அதிகம். ஆனால் தனி வீட்டுக்குப் போனவர்களுக்கு வாழ்க்கை மாறியது. கதவும் மாறியது.

முன்கதவில் இப்போது பலர் குமிழ்ப் பூட்டு போடுகிறார்கள். ஆமைப்பூட்டை மாட்டி அழுத்த வெளியே ஒரு ஆள் வேண்டும். இதற்கு ஆள் தேவையில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வீசுகிற வறண்ட கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகம் அறிந்த அந்தத் தனி மணத்தைத் தருகிறது. அதே காற்று, துணி காயப்போட வெளியே வந்தவளின் பின்னால் கதவை ஒரே அறையாக அறைந்து சாத்திவிடும். சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் சோறு.

எங்கள் அயல்வீட்டு அக்காவுக்கு நடந்தது இதேதான். டவுன் ஹாட்வெயார் கடையில் சாவி வெட்டுகிற மெசின் இருக்கிறது; ஆனால் சாவி வெட்டுகிறவர் எல்லாரும் பூட்டுத் திறக்கத் தெரிந்தவர்கள் அல்ல. என் போனில் பேஸ்புக்கைத் தேடினால் நம்பர்கள் கொட்டின. ஊர் பேர் இல்லை, கடை இல்லை, ‘24 மணிநேரச் சேவை’ மட்டும் இருந்தது. இப்படிப்பட்ட நம்பர்கள் உலகம் முழுக்க உண்டு. கூகுள் வரைபடத்தில் போலிக் கடை விபரங்களைப் பதிந்து விற்ற ஒரு கூட்டத்தின்மேல் 2025 மார்ச்சில் கூகுளே வழக்குப் போட்டது. அதைக் கிளப்பிவிட்டது அமெரிக்காவின் டெக்சாஸில் பூட்டுத் திறக்கும் தொழில் செய்யும் ஒருவரின் முறைப்பாடு. போனில் குறைந்த விலை சொல்லி வருவது, வந்ததும் “இது விசேஷமான பூட்டு, துளைக்கத்தான் வேணும்” என்று டிரில்லை எடுப்பது, பிறகு பல மடங்கு கேட்பது. அங்கே நடக்கும் ஏமாற்று இதுதான்.

கடைசியில் ஒரு த்ரீவீல்காரர் தனக்குத் தெரிந்த பையன் என்று சொன்னவரைக் கூப்பிட்டோம். பதுளையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், வளைவு வளைவாக மோட்டார்சைக்கிளில் வந்தார். கூலியைப் போனிலேயே சொல்லிவிட்டார். வந்தவர் கதவைத் தொடவில்லை.

“அக்கா, சாவியால பூட்டினதா, தானா சாத்திக்கிட்டதா?”

“காத்து சாத்திருச்சு தம்பி.”

“கதவத் தொறந்ததும் எடது கைப் பக்கம் என்ன இருக்கு?”

“தையல் மெசின். மேல பச்சைத் துணி போட்டிருக்கேன்.”

தானாகச் சாத்திய பூட்டில் சரிவான நாக்கு மட்டுந்தான் நிலைக்குள் போயிருக்கும். ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் நுழைத்து, கதவைத் தோளால் மெல்ல ஆட்டி ஆட்டி அந்த நாக்கைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பூட்டில் ஒரு கீறல் இல்லை. கதவை ஒரு சாண் திறந்து முதலில் அவர் தையல் மெசினைப் பார்த்தார். பிறகுதான் அக்காவுக்கு வழிவிட்டார். சாவியால் பூட்டியிருந்தால் உள்ளே இருக்கும் முள்ளுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் திறக்க வேண்டும், நேரம் போகும் என்றார். டிரில் பையிலேயே இருந்தது. அடையாள அட்டையையும் கேட்டார். அதில் இன்னும் பழைய லயத்து விலாசம். அவர் சிரித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் எல்லாருக்கும் இப்படித்தான், அதனாலதான் மெசினக் கேட்டேன்” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். புருஷன் புதுப் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டால், பொம்பளை கூப்பிட்டால் வருவீர்களா? அப்படியான கோல் மாதத்துக்கு ஒன்றாவது வருமாம். “அக்கம்பக்கத்து ஆளுக வெளிய வந்து, இது இவங்க வீடுதான்னு சொன்னா தொறப்பேன். யாரும் வரலன்னா பொலிசுக்குப் போங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிருவேன். பெற்றோல் காசும் கேக்க மாட்டேன்.” லயத்தில் என்றால் கூப்பிடாமலே பத்துப் பேர் வந்திருப்பார்கள், தோட்டத் தலைவர் புருஷனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பார். ஏழு பேர்ச் வீட்டில் மழை ராத்திரியில் எத்தனை பேர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள் என்று கேட்டேன். “அது ஒங்க ஊரு ஆளுகளப் பொறுத்தது அண்ணே” என்று சொல்லிவிட்டு, மடுல்சீமைப் பக்கம் இன்னொரு வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புறப்பட்டார்.