பொன் மோதிரமும் மாதிரி மோதிரமும்

அச்சங்குளத்தில் பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பத்தலைவர் ஒருவர் ஓர் இரவு நம்மைக் காண வந்தார். மகளின் திருமணத்திற்குத் தாலிப் பொன் மட்டுமே சேர்ந்திருந்தது. "சாமி, மோதிரத்துக்கு வட்டிக்குத்தான் வாங்கணும். கவரிங் மோதிரம் வச்சா மந்திரிப்பீங்களா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாம முடிச்சிரலாம்" என்றார். அவருக்கு நாம் அளித்த விடையை வாசகரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இங்கிலாந்து நாட்டின் வயல்களில், உலோகத்தைக் காட்டும் கருவியை ஏந்தி மண்ணைத் துழாவுவோர் பலர் உளர். இடைக்காலத்து மோதிரங்கள் அவ்வப்போது அவர்கள் கைக்கு எட்டுகின்றன. சிலவற்றில் புனிதர்களின் உருவமும், 'நன்மனத்தோடு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 1985-இல் யார்க்ஷயரில் மிடில்ஹாம் கோட்டையருகே இவ்வாறு கிடைத்த, நீலக்கல் பதித்த பொற்பதக்கத்தில் மூவொரு கடவுளின் உருவமும் ஆண்டவரின் பிறப்பும் செதுக்கப்பட்டுள்ளன. அது யார்க் நகர அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளி அணிகளைக் கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் அறிவித்தாக வேண்டும். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் அதன் தொகை பகிரப்படும். அத்தகைய அணியை அணிய ஆசைப்படுவோருக்குப் பொற்கொல்லர்கள் அதே வடிவில் வெள்ளியிலோ முலாம் பூசிய உலோகத்திலோ மாதிரி வார்த்துத் தருகின்றனர். மாதிரி என்று சொல்லியே விற்பதால் அதில் வஞ்சனை இல்லை. பழமை என்று கூறி விற்றாலோ அது திருட்டுக்கு நிகர்.

நம் நாட்டிலும் இத்தகைய செல்வம் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பொன் மோதிரம் ஒன்றில் 'தித்தன்' என்னும் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளது. எடை போட்டால் அது சிறிதளவு பொன். உருக்கியிருந்தால் அப்பெயர் அழிந்திருக்கும். நம் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் பொன் அணிகளும் வெளிப்பட்டன. நம் கரிசல் காட்டில் ஏர் முனையிலும் ஒருநாள் ஏதேனும் தட்டுப்படலாம். அதனை இரகசியமாக உருக்கக் கொடுத்தல் தகாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிப்பது கடமை. மறைப்பவர் தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, அத்தந்தையிடம் நாம் கூறியது இதுவே: "திருமணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதம், மோதிரம் அதன் அடையாளம். கவரிங்கை நாம் தடையின்றி மந்திரிப்போம். ஆனால், கவரிங் என்பதைச் சம்பந்தி வீட்டாரிடம் நீரே முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்."

அவர் முகம் வாடிற்று. நான்கு நாள் கழித்து மீண்டும் வந்தார். மாப்பிள்ளையின் தாயாரும் பட்டாசு ஆலையில் உழைப்பவரே. செய்தியைக் கேட்டவர், "அண்ணே, நாங்களும் மோதிரத்துக்குக் கடன் கேட்டுத்தான் அலைஞ்சிக்கிட்டிருந்தோம்" என்றாராம்.

இரண்டு கவரிங் மோதிரங்களையும் பீடத்தின்முன் மந்திரித்தோம். இரு வீட்டிலும் மோதிரக் கடன் இல்லை.