சொற்செயலியில் பத்தி உள்தள்ளல்

பத்தி உள்தள்ளல் என்பது ஒரு பத்தியின் வரிகள் பக்க ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பாகும். மைக்ரோசாஃப்ட் வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் ஆகிய மூன்றிலும் இவ்வசதி உண்டு. இருந்தும் பத்தியின் தொடக்கத்தில் இடைவெளி விசையை ஐந்தாறு முறை தட்டி இடம் விடும் பழக்கம் பலரிடம் நீடிக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துருவை மாற்றும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

இடைவெளியும் ஓர் எழுத்தே. அதன் அகலம் எழுத்துருவையும் எழுத்தளவையும் பொறுத்தது. ஓர் எழுத்துருவில் சரியாக இருந்த ஐந்து இடைவெளிகள் மற்றொன்றில் குறுகியோ விரிந்தோ நிற்கும். இருபுறமும் சீராக நிற்குமாறு பத்தியை அமைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வரியை நிரப்ப மென்பொருள் இடைவெளிகளை இழுத்து நீட்டும். தொடக்கத்தில் தட்டிய இடைவெளிகளும் அதில் சேரும். தமிழில் விகுதிகளும் துணைவினைகளும் சேர்ந்து சொற்கள் நீளமாக அமைவதால், ஒரு வரியில் அடங்கும் சொற்கள் குறைவு. எனவே ஒவ்வோர் இடைவெளியும் அதிகமாக நீள்கிறது. ஒவ்வொரு பத்தியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்குகிறது. அதே உரையை வலைப்பக்கத்தில் இட்டால், அடுத்தடுத்த இடைவெளிகளை உலாவி பொதுவாக ஒன்றாகச் சுருக்கிவிடும். விக்கிப்பீடியாவிலோ வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தாலே அந்த வரி தனிப் பெட்டிக்குள் போய்விடும்.

சொற்செயலியைப் பொறுத்தவரை ஓர் என்டர் விசையிலிருந்து அடுத்த என்டர் விசை வரை உள்ளது ஒரு பத்தி. வேர்டில் பத்தியின் அமைப்பு அதன் இறுதியிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத பத்திக்குறியில் சேமிக்கப்படுகிறது. அடுத்த பத்திக்குச் செல்ல என்டரை அழுத்தினால் அதே உள்தள்ளல் தொடரும். ஷிஃப்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் வரி மட்டுமே உடையும், பத்தி உடையாது. ஆகவே புதிய வரியில் முதல்வரி உள்தள்ளல் வராது. பக்க ஓரம் வேறு, உள்தள்ளல் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓரம் பக்கம் முழுவதற்கும் உரியது. உள்தள்ளல் அந்த ஓரத்திலிருந்து அளக்கப்பட்டு, அந்தந்தப் பத்திக்கு மட்டும் பொருந்தும்.

முதல்வரி உள்தள்ளல் எல்லோரும் அறிந்தது. வழக்கமாக அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. விடப்படும். பத்தி முழுவதையும் உள்ளே தள்ளும் இடது உள்தள்ளல் நீண்ட மேற்கோள்களுக்கு ஏற்றது. ஏ.பி.ஏ. முறையில் 40 சொற்களோ அதற்கு மேலோ உள்ள மேற்கோள் இவ்வாறு தனிப் பத்தியாக அரை அங்குலம் தள்ளி அமைக்கப்படும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது தொங்கு உள்தள்ளலில்தான். இதில் முதல் வரி ஓரத்திலேயே நிற்கும். மற்ற வரிகள் உள்ளே தள்ளப்படும். துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அகரவரிசையில் கண் ஓட்டித் தேடுவது எளிது. அகராதிகளிலும் தலைச்சொல் இப்படித்தான் நிற்கும். இதை அறியாதவர்கள் வரி முடியும் இடத்தில் என்டரைத் தட்டி, அடுத்த வரியில் இடைவெளிகளைச் சேர்க்கிறார்கள். பின்னர் நூற்பெயரில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் போதும், உடைத்த வரிகள் எல்லாம் நடுவழியில் அறுந்து தொங்கும். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் இருநூறு நூல்களின் பட்டியலை வரிவரியாகச் சரிசெய்ய வேண்டிவரும்.

வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால் தொங்கு உள்தள்ளல் அமையும். துல்லியமான அளவு தேவையெனில் பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, ஸ்பெஷல் என்ற பட்டியலில் ஃபர்ஸ்ட் லைன் அல்லது ஹேங்கிங் என்பதைத் தெரிவுசெய்து அளவை இட வேண்டும். மேலேயுள்ள அளவுகோலைக் கொண்டும் இதைச் செய்யலாம். அதன் இடப்பக்கத்தில் மேல் முக்கோணம் முதல் வரியையும், கீழ் முக்கோணம் மற்ற வரிகளையும், அடியிலுள்ள சிறு கட்டம் இரண்டையும் சேர்த்தும் நகர்த்தும். அளவுகோல் தெரியாவிட்டால் வியூ பட்டியில் ரூலர் என்பதை இயக்க வேண்டும். லிப்ரே ஆபிஸில் ஹேங்கிங் என்ற பட்டியல் தெரிவைத் தேட வேண்டியதில்லை: பிஃபோர் டெக்ஸ்ட் என்ற இடத்தில் 1.27 செ.மீ. என்றும், ஃபர்ஸ்ட் லைன் என்ற இடத்தில் அதையே கழித்தல் குறியுடனும் இட்டால் அதே விளைவு கிடைக்கும்.

நீண்ட ஆவணங்களில் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே அமைப்பது வீண் உழைப்பு. ஸ்டைல் எனப்படும் பாணியில் உள்தள்ளலை ஒருமுறை வரையறுத்துவிட்டால், அப்பாணியிலுள்ள பத்திகள் அனைத்தும் அதை ஏற்கும். வழிகாட்டி வேறு அளவு கேட்டாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும். உள்தள்ளலைப் பயன்படுத்தும்போது பத்திகளுக்கிடையே கூடுதல் வெளி தேவையில்லை. இரண்டுமே புதிய பத்தி தொடங்குவதைக் காட்டும் அடையாளங்கள்தாம். வேர்ட் 2013 முதல் ஒவ்வொரு பத்திக்கும் பின் 8 புள்ளி வெளியைத் தானாகவே விடும் பதிப்புகள் வந்தன. அதைச் சுழியமாக்கிக் கொள்ளலாம்.

ஏற்கெனவே இடைவெளிகளால் நிரம்பிய ஆவணத்தையும் மீட்கலாம். வேர்டின் ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ் பெட்டியில், தேட வேண்டியதாகப் பத்திக்குறியையும் அதையடுத்து ஓர் இடைவெளியையும், மாற்றாகப் பத்திக்குறியை மட்டும் இட வேண்டும். பத்திக்குறி மோர், ஸ்பெஷல் ஆகிய பொத்தான்களின் வழியே கிடைக்கும். மாற்றங்கள் சுழியம் என்று வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். டேப் விசையால் தள்ளியிருந்தால் இடைவெளிக்குப் பதில் டேப் குறியைத் தேடலாம். ஆவணத்தின் முதல் பத்திக்கு முன்னால் பத்திக்குறி ஏதும் இல்லாததால், அதை மட்டும் கையால் திருத்த வேண்டும்.