பார்த்துக்கொள்பவரின் மனசு

படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர் இருக்கும் வீட்டைப் பற்றி ஊர் கேட்கும் கேள்வி இது: "பாசத்துல பாக்குறாளா, வீட்டை எழுதி வாங்கப் பாக்குறாளா?" பெரும்பாலும் மருமகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. வெளியூரிலிருந்து போனில் நலம் விசாரிக்கும் மகனை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பக்கவாதத்தில் அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகிவிடும். தலைமாட்டை உயர்த்தாமல் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். மூத்திரப் பை, டயப்பர் என்று ராத்திரியிலும் வேலை ஓயாது.

மாதக்கணக்கில் இதைச் செய்பவரிடம் பாசம் இருக்கும். நாலு பேர் பேச்சுக்குப் பயமும், என்றோ எதிர்த்துப் பேசியதற்கான வருத்தமும் இருக்கும். சொத்து நினைப்பும் இருக்கலாம். 'சீக்கிரம் முடிந்தால் தேவலை' என்ற எண்ணமும் நடுராத்திரியில் வந்து போகும். அதற்காக அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமே இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க மறுத்தால், திரும்பப் பெற 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. சொத்துக்காகக் கவனிப்பதை அது குற்றமாக்கவில்லை. ஒப்புக்கொண்டதைச் செய்தாயா என்றே பார்க்கிறது.

நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதுகில் புண் இல்லையா, வாய் சுத்தமாக இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா? சம்பளத்துக்கு வரும் ஹோம் நர்ஸ் இவற்றைச் சரியாகச் செய்தால் அதுவும் நல்ல கவனிப்புதான்.

தூய அன்பை மட்டுமே எதிர்பார்த்தால், கவனிப்பவர் தன் களைப்பை மறைத்துக்கொள்வார். மறைத்த களைப்பு அதட்டலாக வெளிவரும். நேரத்துக்கு மாற்றாத டயப்பராகவும் வெளிவரும். பாதிக்கப்படுவது நோயாளிதான்.

ஆகவே, செலவையும் நாட்களையும் உடன்பிறந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். சொத்து விஷயம் இருந்தால் நிபந்தனையோடு பத்திரத்தில் எழுதட்டும். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையையும் வலி நிவாரணக் கவனிப்பையும் கேட்டு வாங்கட்டும். பார்த்துக்கொள்பவர் "என்னால முடியல" என்று சொல்லும்போது குறை சொல்லாமல் அடுத்த ஆள் வந்து நிற்கிற வீட்டில்தான் நோயாளிக்கும் பாதுகாப்பு.