அறுந்த இழை எங்கே?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், பயணிகள் ரயிலொன்று கடலுக்கு இரையானதையும் இராமநாதபுரம் கடற்கரையில் அறியாதார் இல்லை. அன்று தந்தித் தொடர்பும் அறுந்தமையால், நேர்ந்த கொடுமை வெளியுலகிற்குப் பிந்தியே தெரிந்தது. வரவேண்டிய செய்தி வரவில்லை என்பதும் ஒரு செய்தியே. அதை உடனே கண்டு, நேரத்தைக் குறித்து வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். இவ்வுண்மையின் அருமையை, அதனினும் மிகச் சிறியதொரு விஷயத்தில், அண்மையில் நாம் உணர்ந்தோம்.

கடலாடிப் பகுதியில் ஒரு கடன் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். மிளகாய் பயிரிடும் முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் இரண்டு தாள்களை நீட்டினார். "ஐயா, பணம் கட்டிய ரசீதும் என் கையில் இருக்கிறது, கட்டவில்லை என்ற கடிதமும் என் கையில் இருக்கிறது. எதை நான் நம்புவது?" என்றார். கெடு தவறாமல் செலுத்துவோருக்குப் பயிர்க்கடனில் வட்டி இல்லை என்பது நம் மாநிலத்து ஏற்பாடு. வற்றல் விற்ற பணத்தைக் கெடு நாளன்றே செலுத்தியவர் மீது வட்டியும், 'தவணை தவறியவர்' என்ற பழியும் விழுந்திருந்தன.

மூவர் கூற்று

அன்றாட வரவுகளை மாலையில் கணிப்பொறி வாயிலாகத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்புவது வழக்கம். 'அனுப்பிவிட்டோம்' என்றார் காரியதரிசி. திரையிலும் அவ்வாறே இருந்தது. 'வரவில்லை' என்றது தலைமை அலுவலகம். 'இணைப்பில் பழுதில்லை' என்றனர் இணைய இணைப்புக்காரர். மூவரும் பொய்யுரைக்கவில்லை. மூவரிடமும் நேரம் குறித்த பதிவு இல்லை, அவ்வளவே.

கணிப்பொறி தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும், செய்ய முயன்று தவறியதையும், நாள், நேரத்துடன் தானே எழுதிவைக்க வல்லது. இதற்கு 'லாக்' என்று பெயர். பலவகைக் கருவிகளும் ஒரே முறையில் எழுதுவதற்கான 'சிஸ்லாக்' என்னும் ஏற்பாட்டை, 1980-களில் அமெரிக்காவில் எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சல் நிரல் ஒன்றுக்காக அமைத்தார். அதில் செய்திகள் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கப்படும். 0 என்பது பேராபத்து. 7 என்பது பழுது தேடுவோருக்கான நுணுக்க விவரம்.

பன்னிரண்டு நாட்கள்

முதலில் இரு இடத்துக் கடிகாரங்களையும் ஒப்பிட்டோம். சங்கத்துக் கணிப்பொறி பதினொரு நிமிடம் பின்தங்கி ஓடியது! நேரம் ஒன்றாகாவிடில் இரு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்பது வீண். ஆகவே இணைய வழியே இரண்டையும் இந்திய நேரத்துடன் இசைவித்தோம். பின்னர் சங்கத்துக் கணிப்பொறி, இணைப்புப் பெட்டியான ரூட்டர், தலைமை அலுவலகக் கணிப்பொறி ஆகிய மூன்றிலும் பதிவை 7-ஆம் படி வரை திறந்துவிட்டோம். பதிவின் பிரதி வேறொரு கணிப்பொறியிலும் சேருமாறு செய்தோம். பழுதான இயந்திரத்திற்குள்ளேயே அதன் சரித்திரமும் கிடந்தால், இரண்டும் ஒருங்கே அழியக்கூடும் அல்லவா?

ஒன்பதாம் நாள் மாலை மர்மம் துலங்கியது. 4.47-க்கு மின்தடை. கணிப்பொறி பாட்டரியில் தொடர்ந்து ஓடியது. பாட்டரியுடன் இணைக்கப்படாத ரூட்டரோ அணைந்தது. 4.50-க்கு நிரல் கணக்கை அனுப்ப முயன்று தோற்றது. ஆயினும் மறுமுனையின் ஒப்புதலுக்குக் காத்திராமல், 'அனுப்பப்பட்டது' என்று திரையில் காட்டியது. மின்சாரம் திரும்பிய பின் மீண்டும் அனுப்புவாரில்லை. தபால்பெட்டி வரை சென்று, கடிதத்தைக் கையிலேயே கொண்டு திரும்பியவன் 'போட்டாயிற்று' என்று சொன்ன கதைதான்!

பரிகாரம் எளிது. ரூட்டரும் பாட்டரியில் இணைக்கப்பட்டது. ஒப்புதல் கிட்டும்வரை மீண்டும் மீண்டும் அனுப்புமாறு நிரல் திருத்தப்பட்டது. கெடு நாளன்று மின்தடை இருந்ததைப் பழைய குறிப்புகளிலிருந்து அறிந்து, ரசீதின் பேரில் முதியவரின் வட்டி நீக்கப்பட்டது. அவரைப்போல் மேலும் நால்வர் இருந்தனர். அவர்கள் ரசீதைத் தேட வேண்டியிருந்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நாள்தோறும் அனுப்பிய இனங்களின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் மறுமுனையுடன் ஒப்பிடுக. வரவு இல்லாத நாளில் 'இல்லை' என்றே அனுப்புக. பூஜ்யம் வேறு, மௌனம் வேறு. பழுது தீர்ந்ததும் 7-ஆம் படியை மூடிவிடுக; இன்றேல் சேமிப்பிடம் நிரம்பும். கடவுச்சொல், ஆதார் எண் போன்றவை பதிவில் ஏறலாகாது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். நூல் வழங்கலும் கூலியும் இன்று இவ்வழியே கணக்காகின்றன. பரமக்குடி நெசவாளர்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை: இழை அறுந்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சிட்டால் ஒரு கணத்து வேலை; கவனியாது நெய்தால் சேலை முழுதும் குறை.

அங்கத்தினர்களே, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாப் பதிவுகளும் தவறியபோது ஐவரின் நாணயத்தைக் காத்தது அந்தத் தாள்தான்.