சொன்ன சொல் தவறாத லைப்ரரி: பைத்தானில் டைப் அனோட்டேஷன்

சி, ஜாவா எல்லாம் படிச்சிட்டு பைத்தானுக்கு வரும்போது நமக்கு முதலில் பிடித்துப்போவது எது? ‘இன்ட்’, ‘ஃப்ளோட்’ என்று எதையும் முன்னாடியே அறிவிக்க வேண்டாம். ஒரு வேரியபிளில் இப்போ எண்ணை வைக்கலாம், அடுத்த வரியிலேயே ஸ்ட்ரிங்கை வைக்கலாம். ஐம்பது வரி லேப் புரோகிராமுக்கு இது சுகம்தான். ஆனா ஃபைனல் இயர் புராஜெக்டில் நாலு பேர் எழுதிய கோடும், பிப் மூலம் இறக்கிய பத்து லைப்ரரியும் ஒன்று சேரும்போது சிக்கல் தொடங்கும். முகம் தெரியாத யாரோ எழுதிய ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும்? ரிவ்யூ அன்னைக்கு ரன் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணுமா?

இதற்குத்தான் டைப் அனோட்டேஷன். ‘இந்த இடத்தில் ஸ்ட்ரிங் கொடு, உனக்கு எண் கிடைக்கும்’ என்று ஃபங்ஷனின் தலைப்பு வரியிலேயே எழுதி வைப்பது. எழுதுவதற்கான இடம் 2008-ல் வந்த பைத்தான் 3.0-லேயே இருந்தது. ஆனால் என்ன எழுத வேண்டும் என்ற பொது விதி அப்போது இல்லை. அந்த விதியை வகுத்தது ‘பெப் 484’ என்ற ஆவணம். 2015-ல் வெளியான பைத்தான் 3.5-ல் அது நடைமுறைக்கு வந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ‘மைபை’ என்ற சரிபார்ப்புக் கருவியை உருவாக்கிய யூக்கா லேத்தோசாலோ இருவரும் அதை எழுதியவர்களில் அடக்கம்.

பூட்டு இல்லை, வாக்கு

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ரன் ஆகும்போது பைத்தான் இந்த அனோட்டேஷனைச் சரிபார்ப்பதே இல்லை. ‘எண் தருவேன்’ என்று எழுதிவிட்டு ஸ்ட்ரிங்கைத் தந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். சரிபார்ப்பது மைபை, பைரைட் போன்ற தனிக் கருவிகள். அவை கோடை ஓட்டாமலே படித்துப் பார்க்கின்றன. எடிட்டரில் புள்ளி வைத்ததும் விழுகிற பட்டியலுக்கும் இதே அனோட்டேஷன்கள்தான் கைகொடுக்கின்றன. ஆகவே லைப்ரரி எழுதியவர் பொய் எழுதினால், உங்க எடிட்டரும் சேர்ந்து பொய் சொல்லும். எழுதாமல் விடுவதைவிட அது மோசம்.

‘ரீ’ மாட்யூலில் உள்ள ‘மேட்ச்’ ஃபங்ஷனையே எடுத்துக்கோங்க. பேட்டர்ன் பொருந்தினால் மேட்ச் ஆப்ஜெக்ட் வரும். பொருந்தாவிட்டால் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. ரிஜிஸ்டர் நம்பரைப் பிரிக்க இதைக் கூப்பிட்டு, வந்ததன் மேல் நேரே ‘குரூப்’ போட்டால், சரியான நம்பருக்கு எல்லாம் ஓடும். யாராவது ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சா அட்ரிபியூட் எரர். இதன் அனோட்டேஷன் ‘மேட்ச் அல்லது நன்’ என்று உண்மையைச் சொல்வதால், மைபை முன்கூட்டியே எச்சரிக்கும். வெறும் ‘மேட்ச்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிழை டெமோ வரை ஒளிந்தே இருந்திருக்கும்.

எங்கே எழுதப்பட்டிருக்கு?

பைத்தானோடு வரும் மாட்யூல்களுக்கான அனோட்டேஷன்கள் ‘டைப்ஷெட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் தொகுப்பில் தனி ‘ஸ்டப்’ ஃபைல்களாக இருக்கின்றன. வெளியார் எழுதிய பல லைப்ரரிகளுக்கும் அங்கே ஸ்டப் உண்டு. மற்றவை தங்கள் கோடுக்குள்ளேயே எழுதிக்கொள்கின்றன. அப்படி எழுதினால், ‘பை.டைப்டு’ என்ற ஒரு காலி ஃபைலையும் பேக்கேஜில் வைக்கணும். அது இல்லைன்னா, இறக்கிய லைப்ரரியின் அனோட்டேஷன்களை மைபை கண்டுகொள்ளாது. செய்த வேலை அத்தனையும் வீண்.

எப்படி மேம்படுத்துவது?

முதலாவது, வாங்கும்போது தாராளம், தரும்போது துல்லியம். கொடுத்ததை வெறும் ஃபார் லூப்பில் சுற்றுகிற ஃபங்ஷனுக்கு ‘லிஸ்ட்’ என்று எழுதினால், டியூப்பிளோ செட்டோ கொடுப்பவரைக் கருவி வீணாகத் தடுக்கும். ‘இட்டரபிள்’ போதும். திருப்பித் தருவது லிஸ்ட் என்றால் அதை லிஸ்ட் என்றே சொல்லணும். ஒரு பொறியும் இருக்கு: ‘ஸ்ட்ரிங்குகளின் இட்டரபிள்’ என்று எழுதிய இடத்தில் ஒற்றை ஸ்ட்ரிங்கும் நுழைந்துவிடும். ஏன்னா அதைச் சுற்றினாலும் எழுத்து எழுத்தாக ஸ்ட்ரிங்தானே வருது!

இரண்டாவது, ‘எனி’யில் கவனம். எனி என்று எழுதிய இடத்தில் கருவி வாயை மூடிக்கொள்ளும். ‘ஜேசன்’ மாட்யூலின் ‘லோட்ஸ்’ எதைத் தரும் என்பது உள்ளே வருகிற டெக்ஸ்ட்டைப் பொறுத்தது. அங்கே எனி நியாயம். சோம்பேறித்தனத்துக்குப் போடும் எனிதான் பிரச்சினை.

மூன்றாவது, ‘ஓவர்லோடு’. ‘ஓப்பன்’ ஃபங்ஷனை ‘ஆர்’ மோடில் கூப்பிட்டால் படிக்கும்போது ஸ்ட்ரிங் வரும், ‘ஆர்பி’ மோடில் பைட்ஸ் வரும். ‘இதுவோ அதுவோ’ என்று பொதுவாக எழுதினால், பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் சோதிக்கணும். இந்த மோடுக்கு இது, அந்த மோடுக்கு அது என்று தனித்தனியாக எழுத ஓவர்லோடு உதவும்.

சரிபார்க்கவும் கருவி உண்டு. மைபையோடு வரும் ‘ஸ்டப்டெஸ்ட்’, ஸ்டப்பில் உள்ள ஃபங்ஷன் பெயர்களும் பாராமீட்டர்களும் உண்மையான மாட்யூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். லைப்ரரியில் எவ்வளவு சதவீதத்துக்கு டைப் எழுதியிருக்கு என்று பைரைட் கணக்குச் சொல்லும். ஆனால் நூறு சதவீதம் எழுதியிருக்கு என்பதால் நூறு சதவீதம் உண்மை என்று ஆகிவிடாது. ஃபங்ஷனுக்குள் போய், எந்தெந்த வழியில் ரிட்டர்ன் ஆகுது, எங்கேயாவது சத்தமில்லாமல் ‘நன்’ வருதா என்று படித்துப் பார்க்க மனிதர்தான் வேணும்.

அந்த மனிதர் நீங்களாகவும் இருக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்றதும் பெரிய ஃபீச்சர் எழுதணும்னு மலைக்க வேண்டாம். உங்க புராஜெக்டில் இருக்கிற ஒரு லைப்ரரியை எடுங்க. ஒரு ஃபங்ஷன் காலைச் சுற்றி ‘ரிவீல்_டைப்’ போட்டு மைபையை ஓட்டினால், அனோட்டேஷன்படி என்ன வரும் என்று சொல்லும். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு, நிஜமாவே ஓட்டி, என்ன வருகிறது என்று பாருங்க. பொருந்தாத இன்புட், காலி லிஸ்ட், இல்லாத ஃபைல் எல்லாம் கொடுத்துப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகவில்லையா? அதைக் காட்டும் நாலு வரி கோடோடு, ஒரு வரித் திருத்தத்தை அனுப்புங்க. அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை அந்த லைப்ரரியை இறக்குகிற இன்னொரு மாணவருக்கு அந்த எரர் டெமோவில் வராது, எடிட்டரிலேயே தெரிந்துவிடும்.