பாருக்குள் நுழைந்த ஏலியன்... சிரிக்க வைத்தே அழவைக்கும் ‘கேலஹன்’ கதைகளில் அப்படி என்ன ஸ்பெஷல்?

சலூன் என்றதும் சுழல் நாற்காலி, கத்தரிக்கோல், மடித்துவைத்த பேப்பர் என்று போய்விட வேண்டாம். அமெரிக்காவில் சலூன் என்றால் மதுக்கூடம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், சஃபோக் கவுன்ட்டியில், ‘ரூட் 25ஏ’ என்ற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அப்படி ஒரு சலூன் இருப்பதாகக் கற்பனை செய்தார் எழுத்தாளர் ஸ்பைடர் ராபின்சன். ஓனர் பெயர் மைக் கேலஹன். அங்கே பேசும் நாய் வரும், காலப் பயணி வருவார், பூமியை அழிக்க வந்த வேற்றுகிரகவாசி வருவார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக்கொண்டு, கடைசியில் மனசுவிட்டுப் பேசிவிட்டுப் போவார்கள்.

அவ்ளோதான் கதை. ஆனால் இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு 1973-ல் ஆரம்பித்த தொடர், 2003 வரை ஓடியது. அறிவியல் புனைகதை என்றால் ராக்கெட்டும் ரோபோவும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமான வாசிப்பாக இருக்கும்.

சாக்கடைக் காவலில் பிறந்த கதை

ராபின்சன் 1948-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். கல்லூரி முடித்த கையோடு அவருக்குக் கிடைத்தது இரவு வாட்ச்மேன் வேலை. காவல் காத்தது வங்கியையோ நகைக்கடையையோ அல்ல, சாக்கடைக் கட்டுமானத்தை! சாக்கடையை யார் திருடிக்கொண்டு போவார்கள் என்று அவரே பின்னாளில் கிண்டலடித்திருக்கிறார். அந்த வேலையிலிருந்து எப்படியாவது தப்பிக்க வேண்டும் என்று எழுதிய கதைதான் ‘தி கை வித் தி ஐஸ்’. ‘அனலாக்’ இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் பென் போவா ஏற்றுக்கொண்டு, பிப்ரவரி 1973 இதழில் வெளியிட்டார்.

அனலாக் என்பது கணக்கும் இயற்பியலும் தெரிந்த வாசகர்களின் இதழ். ‘இந்த இன்ஜின் இப்படி ஓடாதே’ என்று கடிதம் எழுதுகிற கூட்டம். அங்கே போய் நான்கு குடிகாரர்கள் மனம்விட்டுப் பேசும் கதையை விற்றதே ஒரு சாதனை.

அந்த முதல் கதையில் நடப்பது இதுதான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு இளைஞன் பாருக்கு வந்து, தன் கதையைச் சொல்கிறான். எல்லாரும் அவனைத் தட்டிக்கொடுக்கிறார்கள். மூலையில் ஒரு நெட்டையான ஆள் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் எழுந்து வந்து தன் உண்மையைச் சொல்கிறார். அவர் ஒரு வேற்றுகிரக உளவாளி. மனித இனத்தை ஆராய்ந்து எஜமானர்களுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டியது அவர் வேலை. ரிப்போர்ட் போனால் பூமி காலி. அனுப்பக் கூடாது என்று இப்போது அவருக்கே தோன்றுகிறது. ஆனால் குறிப்பிட்ட நேரம் வந்தால் அவர் உடம்பே அனுப்பிவிடும். அப்படித்தான் அவரைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஹாலிவுட் படமாக இருந்தால் இந்த இடத்தில் போர் விமானங்கள் வந்திருக்கும். கேலஹன் என்ன செய்தார் தெரியுமா? அவர் குடித்த கிளாஸில் மயக்க மருந்தைக் கலந்துவிட்டார். ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய நேரத்தில் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூமி பிழைத்தது. மயக்க மருந்து கலந்த மதுவுக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘மிக்கி ஃபின்’ என்று பெயர். அந்த ஏலியனுக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அதன்பிறகு அவரும் பாரின் ரெகுலர் கஸ்டமர்!

ஒரு டாலர், ஒரு கிளாஸ், ஒரு சாக்பீஸ் கோடு

இந்தத் தொடரின் உண்மையான கண்டுபிடிப்பு ஏலியன் அல்ல, பாரின் சட்டதிட்டம்தான்.

எந்த மது என்றாலும் விலை ஐம்பது சென்ட். ஆனால் கேலஹன் ஒரு டாலர் நோட்டு மட்டும்தான் வாங்குவார். குடித்து முடித்து கிளாஸைத் திருப்பி வைத்தால், கவுன்ட்டர் ஓரத்தில் இருக்கும் சுருட்டுப் பெட்டியிலிருந்து மீதி ஐம்பது சென்ட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அந்த மீதியை வேண்டாம் என்று விட்டால் உங்களுக்கு ஒரு உரிமை கிடைக்கும். கணப்பு அடுப்புக்கு எதிரே தரையில் போட்டிருக்கும் சாக்பீஸ் கோட்டில் போய் நிற்கலாம். மனதில் இருப்பதை ஒரு வார்த்தையாகச் சொல்லி, கிளாஸை நெருப்புக்குள் ஓங்கி எறியலாம். கோட்டில் ஒருவர் நின்றுவிட்டால் பார் முழுக்க அமைதியாகிவிட வேண்டும்.

ஏன் எறிந்தாய், என்ன பிரச்சினை என்று யாரும் துருவிக் கேட்கக் கூடாது. சொல்ல விரும்பினால் கேட்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள். மீறித் துருவுகிறவரை பியானோ வாசிக்கும் ஃபாஸ்ட் எடி பின்மண்டையில் ஒன்று போட்டு, சந்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார். (மனநல ஆலோசகர்கள் பரிந்துரைக்கும் முறை அல்ல!)

யோசித்துப் பார்த்தால் இது நல்ல டிசைன். பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பேச ஒரு இடம், ஒரு சடங்கு, அதற்கு ஒரு சின்ன விலை இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் ‘எல்லாரும் ஓப்பனா பேசுங்க’ என்று மேனேஜர் சொன்னதும் அறையே மௌனமாவதை அனுபவித்தவர்களுக்கு, இந்த ஐம்பது சென்ட்டின் மதிப்பு புரியும்.

கதைசொல்லி ஜேக்கின் கதையே இதற்கு சாட்சி. ஜேக் ஸ்டோன்பெண்டர் கிட்டார் வாசிக்கும் பாடகர். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று கார் பிரேக்கைத் தானே ரிப்பேர் செய்தார். பிரேக் பிடிக்கவில்லை. விபத்தில் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். அவர் மட்டும் பிழைத்தார். அந்தக் குற்றவுணர்ச்சியோடு கேலஹன் பாருக்கு வந்து சேர்ந்தவர்தான், பிறகு அங்கே வரும் எல்லாருடைய கதைகளையும் நமக்குச் சொல்கிறார். நகைச்சுவைத் தொடர் என்ற லேபிளுக்கு அடியில் இருப்பது இதுதான்.

மெஷினே இல்லாத டைம் டிராவல்

தொடரின் சிறந்த கதைகளில் ஒன்று ‘தி டைம் டிராவலர்’. ஒருவர் துப்பாக்கியோடு பாருக்குள் வருகிறார், கொள்ளையடிக்க. விசாரித்தால் அவர் ஒரு மதபோதகர். லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றில் பத்து ஆண்டுகள் சிறையில் அடைபட்டுக் கிடந்தவர். வெளி உலகச் செய்தி எதுவுமே அங்கே எட்டவில்லை. உள்ளே போனது அறுபதுகளின் தொடக்கத்தில், வெளியே வந்தது எழுபதுகளில்.

இடையில் என்னவெல்லாம் நடந்துவிட்டது! கென்னடி கொலை, வியட்நாம் போர், நிலவில் கால்வைத்த மனிதன், ஹிப்பிகள், பீட்டில்ஸ் வந்து பிரிந்தும் போனது. அவருக்கு இது எதுவுமே தெரியாது. தெரிந்த ஊர் இல்லை, தெரிந்த விலைவாசி இல்லை, தெரிந்த ஒழுக்கவிதி இல்லை. மெஷின் இல்லாமலே எதிர்காலத்துக்கு வந்துவிட்ட மனிதர் என்கிறது கதை. அறிவியல் கருவி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அறிவியல் புனைகதை கேட்கும் கேள்வியைத்தான் இதுவும் கேட்கிறது: உலகம் திடீரென்று மாறினால் மனுஷன் என்ன ஆவான்?

அவரைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கவில்லை. பிற்பாடு அதே பாரில் வேலை போட்டுக்கொடுக்கிறார்கள்.

கடி ஜோக் மன்னர்கள்

சரி, சிரிப்பு எங்கே? கேலஹன் பாரில் சிலேடைப் போட்டி நடக்கும் இரவுகள் உண்டு, புளுகுக் கதைகளுக்கென்றே தனி இரவும் உண்டு. சிலேடை என்றால் இலக்கியத் தரத்தில் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாமே அக்மார்க் கடி ஜோக். டாக்டர் வெப்ஸ்டர் என்ற குண்டு மனிதர் இதில் கில்லாடி. ஒரு பக்கம் முழுக்க ஒரு கதையைச் சீரியஸாக வளர்த்து, கடைசி வரியில் ஒரு மொக்கையைப் போடுவார். பார் முழுக்க தலையில் அடித்துக்கொள்ளும். ஆங்கில ஒலியை நம்பி நிற்கும் ஜோக்குகள் என்பதால் மொழிபெயர்ப்பில் பாதி செத்துவிடும். மூலத்தில் படிப்பதே நல்லது.

பேசும் நாய் ரால்ஃப் இன்னொரு கலாட்டா. ‘என் நாய் பேசும்’ என்று ஒருவர் வந்தால், வாயசைக்காமல் அவர்தான் குரல் கொடுக்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இங்கே உண்மையில் வாய் பேச முடியாதவர் அந்த மனிதர். பேசுவது நாயேதான், அதுவும் ஜெர்மன் உச்சரிப்பில்! இந்த நாய் ராபின்சனின் சொந்தக் கற்பனை அல்ல, பிலிப் ஹோசே ஃபார்மர் என்ற இன்னொரு எழுத்தாளர் உருவாக்கிய பாத்திரம்.

இதற்கு முன்னோடி யார்?

பாரில் உட்கார்ந்து கதை அளப்பதை ராபின்சன் தொடங்கவில்லை. 1931-ல் லார்ட் டன்சனி, ஒரு பெக் விஸ்கி வாங்கிக் கொடுத்தால் எந்தப் புளுகையும் அவிழ்த்துவிடும் ஜோர்கன்ஸின் கதைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1953-ல் டி கேம்ப், பிராட் இருவரும் சேர்ந்து எழுதிய ‘கேவகன்ஸ் பார்’ கதைகள் புத்தகமாக வந்தன. ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ஆர்தர் சி. கிளார்க்கிடம்தான்.

லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஃபெட்டர் லேனில் ‘ஒயிட் ஹார்ஸ்’ என்றொரு பப். அறிவியல் புனைகதை ரசிகர்களும் எழுத்தாளர்களும் வியாழக்கிழமை இரவுகளில் அங்கே கூடுவார்கள். கிளார்க் அந்த வெள்ளைக் குதிரையை வெள்ளை மானாக்கி, ‘டேல்ஸ் ஃப்ரம் தி ஒயிட் ஹார்ட்’ என்ற தொகுப்பை 1957-ல் வெளியிட்டார். முந்தைய ஆண்டுதான் அவர் இலங்கையில் குடியேறியிருந்தார். கடைசிவரை அங்கேயே வாழ்ந்து, 2008-ல் கொழும்பில் காலமானார்.

அந்தத் தொகுப்பின் முதல் கதை ‘சைலன்ஸ் ப்ளீஸ்’. ஒரு விஞ்ஞானி சத்தத்தை அழிக்கும் கருவி செய்கிறார். வரும் ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி விட்டால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதை வைத்து ஒரு ஆபரா நிகழ்ச்சியையே ஊமையாக்கிவிடுகிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மெட்ரோ ரயிலில் உங்கள் காதில் இருக்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் செய்வது அதே வேலைதான். வெளிச் சத்தத்தை மைக் கேட்கிறது, சிப் அதைத் தலைகீழாக்குகிறது, ஸ்பீக்கர் அதை ஒலிக்கிறது. இந்தத் தத்துவத்துக்கு 1936-லேயே பால் லூக் என்ற ஜெர்மானியர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். கிளார்க் செய்தது அதை ஒரு பப் கதையாக்கியது. கதையில் கருவி கடைசியில் வெடித்துவிடும். உங்கள் இயர்பட்ஸுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கிளார்க்குக்கும் ராபின்சனுக்கும் வித்தியாசம் இங்கேதான். ஒயிட் ஹார்ட்டில் கதை சொல்பவர் ஹாரி பர்விஸ். அவர் சொல்வது பொய்யா மெய்யா என்பதே அங்கே சுவாரஸ்யம். அவருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று யாரும் கவலைப்படுவதில்லை. கேலஹன் பாரில் கதை உண்மையா என்பதைவிட, சொல்பவன் தாங்குவானா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது இடம்

1989-ல் ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது இடம். இவை இரண்டும் அல்லாத, யாரும் வந்து உட்கார்ந்து பேசக்கூடிய மூன்றாவது இடம் ஒன்று ஊருக்குத் தேவை என்றார். காபிக் கடை, முடிதிருத்தும் கடை, பப் எல்லாம் அந்தக் கணக்கு. அமெரிக்கப் புறநகர்களில் எங்கு போகவும் கார் தேவைப்பட்டதில் அப்படிப்பட்ட இடங்கள் மறைந்துபோயின என்பது அவர் வருத்தம். லாங் ஐலண்ட் அப்படிப்பட்ட புறநகர்களுக்குப் பேர்போன இடம். அங்கே இப்படி ஒரு பாரை ராபின்சன் கற்பனை செய்தது, ஓல்டன்பர்க்கின் புத்தகம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முந்தி. ஐ.டி. வேலைக்காகத் தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்கி, டெலிவரி பையனைத் தவிர யாரிடமும் பேசாமல் வார இறுதியைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எந்தத் துயரமும் ஒரே இரவில், ஒரே கட்டிப்பிடிப்பில் பாதி தீர்ந்துவிடுவது கொஞ்சம் ஓவர். பேச வேண்டும் என்றால் குடிக்க வேண்டும் என்ற தொனியும் உறுத்தும். குடியால் சிதைந்த குடும்பங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களால் அதை எளிதில் கடந்துபோக முடியாது. ஆரம்பக் கதைகளில் பார் கிட்டத்தட்ட ஆண்கள் ராஜ்ஜியம். பிற்கால நாவல்களில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை அடிக்கடி வருவதால், அந்தச் சின்ன இடத்தின் கதகதப்பு குறைந்துபோகிறது. (ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடவும்.) 1986-ல் வந்த ‘கேலஹன்ஸ் சீக்ரெட்’ தொகுப்பின் முடிவில் அந்த பாரே அணுகுண்டில் போய்விடும். பிறகு ஜேக் சொந்தமாக ஒரு பார் தொடங்குவார், அடுத்து கூட்டத்தோடு ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டுக்கே குடிபெயர்வார்.

எங்கே தொடங்கலாம்? சந்தேகமே இல்லாமல் 1977-ல் வந்த முதல் தொகுப்பு ‘கேலஹன்ஸ் கிராஸ்டைம் சலூன்’. அதன்பிறகு 1981-ல் வந்த ‘டைம் டிராவலர்ஸ் ஸ்ட்ரிக்ட்லி கேஷ்’. பெரும்பாலும் தனித்தனிச் சிறுகதைகள் என்பதால் பஸ் பயணத்திலேயே ஒன்றை முடித்துவிடலாம். முதல் கதை பிடித்தால் மீதியும் பிடிக்கும். கடி ஜோக் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம்.