பெரிய சக்கரமும் குட்டை டயரும்

நம் மாணவர் சிலர் பழைய கார் வாங்குகின்றனர். நால்வர் சேர்ந்து வெள்ளிதோறும் மார்த்தாண்டத்திற்கும் நாகர்கோவிலுக்கும் சென்று வர அது வசதிதான். வாங்கிய சில நாட்களிலேயே அவர்கள் கண் சக்கரத்தின் மேல் விழுகிறது. பெரிய அலாய் சக்கரம், அதன்மேல் நாடா போன்ற குட்டை டயர்! இயந்திரப் பொறியியல் படிப்பவன் என்பதால், "எந்த அளவு போடலாம்?" என்று என்னைக் கேட்கின்றனர். அவர்களுக்குச் சொன்ன விடையையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் டயரின் மேலுள்ள எழுத்தைப் படிக்கக் கற்போம். 2018-இல் வந்த மாருதி ஸ்விப்ட் காரின் விலை குறைந்த வகைகளில் 165/80 ஆர் 14 என்னும் டயர் உண்டு. 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு. அதாவது 132 மில்லிமீட்டர். 'ஆர்' என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 14 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

இனி விதி ஒன்றே ஒன்று. சக்கரம் பெருத்தாலும் டயரின் முழு உயரம் மாறலாகாது. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே சக்கரம்; மூன்றையும் கூட்டினால் இந்த டயரின் உயரம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். ஏன் மாறலாகாது? வேகங்காட்டி சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றையே எண்ணுகிறது. அளவு பாராமல் 195/65 ஆர் 16 போட்டால் உயரம் 660 ஆகிவிடும். முள் 60 என்று காட்டும்போது கார் 64-இல் ஓடும்!

ஆகவே சக்கரம் வளர வளர, சுவர் குறைய வேண்டும். 15 அங்குலத்திற்கு 185/65. ஸ்விப்டின் விலை உயர்ந்த வகைகளில் கம்பெனியாரே இதைத் தருகின்றனர். 16 அங்குலத்திற்கு 195/55. 17 அங்குலத்திற்கு 205/45. கூட்டிப் பாருங்கள், முறையே 621, 621, 616 வரும். கணக்குச் சரி. ஆனால் சுவரைப் பாருங்கள்: 132, 120, 107, 92! கணக்கில் சரியானது சாலையில் சரியாகுமா?

நன்மையை மறைக்க வேண்டியதில்லை. பொன்முடி மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உயர்ந்த சுவர் வளைவில் நெளியும். குட்டைச் சுவர் நெளிவது குறைவு. திருப்பிய உடனே கார் திரும்பும். 1970-களில் இத்தாலியின் பிரெல்லி கம்பெனியார் பி7 என்னும் டயரால் இவ்வகையைப் புகழ்பெறச் செய்ததும் பந்தயக் கார்களின் தேவையை ஒட்டியே.

ஆனால் நாம் ஓட்டுவது பந்தயத் திடலில் அன்று. இவ்வூருக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. நீர் நிறைந்த குழியில் நாம் விடுவது சக்கரத்தை! டயருக்குள் இருக்கும் காற்றே முதல் வில். குழியின் விளிம்பு தாக்கும்போது சுவர் உயர்ந்திருந்தால் அது அமுங்கி அடியைத் தாங்கும். குட்டையாயின் அமுங்க இடமேது? விளிம்புக்கும் சக்கரத்திற்கும் நடுவே ரப்பர் நசுங்கும்; உள்ளே நூலிழைகள் அறும்; சுவரில் வீக்கம் தோன்றும். அந்த டயரை ஒட்டுப்போட்டுக் காக்க இயலாது. அலாய் சக்கரம் வளையவோ விரிசல் காணவோ கூடும். மேலும், அகன்ற டயர் தேங்கிய நீரின்மேல் எளிதில் மிதக்கும். பிரேக் பயன்படாத நொடி அதுவே.

பாரத்தையும் மறக்கலாகாது. அளவுக்குப் பின் வரும் எண் அதைச் சொல்லும். 165/80 டயரில் காணும் 85 என்பது 515 கிலோ தாங்கும் என்பதாம். 205/45 ஆர் 17 டயரில் 84 என்று இருந்தால் 500 கிலோதான். 88 என்று இருந்தால் 560 கிலோ. கடையில் அளவை மட்டும் சொல்லி வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிவதில்லை. ஐவர் அமர்ந்து மூட்டையும் ஏற்றிச் செல்லும் காருக்கு இது உயிரோடு ஒட்டிய செய்தி.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது.

எனவே என் முடிவு இது. உங்கள் காரின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியார் தரும் அளவு வரை ஏறுங்கள். பெரும்பாலும் அது ஓரங்குலம். அதற்கு மேல் வேண்டா. பார எண் குறையாமல் பாருங்கள். ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று கண்ட பிறகே பணம் கொடுங்கள். காற்றை வாரம் ஒரு முறை, டயர் சூடேறுமுன் அளவுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள். காரின் அழகைப் பார்ப்பவர் வெளியே இருக்கின்றனர். டயரை நம்பி இருப்பவர் உள்ளே இருக்கின்றனர்.